பொங்கலன்று கட்டிய தோரணம்

பனி இறங்கிய ஒரு தை விடியல். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. முக்காலியில் ஏறி நின்று எங்கள் வாசல் படலையின் ஒரு தூணில் தோரணக் கயிற்றின் ஒரு முனையைக் கட்டினேன். இறங்கி, முக்காலியை இழுத்துக்கொண்டு போய் மற்றத் தூணில் மற்ற முனையைக் கட்டினேன். மூக்குக்கண்ணாடி குசினி அடுப்படியில் கிடந்தது. கையில் பட்ட குருத்தோலை ஈரமாக இருந்தது, இளநீர் வெட்டினாற்போல ஒரு மணம்.

"இறுக்கிக் கட்டும். காத்து அடிச்சால் சுத்திப்போடும்," என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

குரல் என் கணவருடையது. ஊருக்கு அவர் குணம் அண்ணை. எனக்கு என்றைக்கும் 'இவர்'தான், எழுதும்போதும் அதை மாற்ற வரவில்லை. விறாந்தை யன்னலோரம் அவருடைய கட்டிலைப் போட்டிருந்தோம். அங்கிருந்து பார்த்தால் முற்றமும் படலையும் தெரியும்.

"எனக்குத் தெரியும். நீங்கள் பேசாமல் படுங்கோ," என்றேன்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் தொலைபேசியில் பேசினார். பொங்கல் நேரம், வீட்டையும் வளவையும் எளிதாக அலங்கரிச்சுச் சோடிப்பதற்கு நாலு யோசனை எழுதுங்கோ டீச்சர் என்றார். மனையியல் படிப்பித்த ஆள் என்பதால் என்னிடம் அது நிறைய இருக்கும் என்று நினைத்திருக்கிறார். இருக்கிறதுதான். ஆனால் சோடினை என்று உட்கார்ந்தால் அந்த விடியலைத் தாண்டி என்னால் வேறெங்கும் போக ஏலாமல் இருக்கிறது. யோசனைகளையும் சொல்கிறேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைக்காரரின் பெருநாள்கள்

எங்கள் தீவான வேலணையில் அந்தக் காலத்து ஆண்களில் பாதிப்பேர் தெற்கே கடை வைத்திருந்தவர்கள். இவரும் அப்படித்தான். சிங்கள ஊர் ஒன்றில் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. புத்தருடைய வெசாக் வந்தால் கடை வாசலில் மூங்கில் வெளிச்சக்கூடு தொங்கும். யேசு பிறந்த நத்தாருக்கு நட்சத்திரம். பொங்கலுக்குத் தோரணம். கடைக்காரனுக்கு எல்லாச் சாமியும் வாடிக்கையாளர் என்று சிரிப்பார்.

கலவரத்தில் கடை எரிந்து வெறுங்கையோடு ஊருக்கு வந்தபோதும் இந்தப் பழக்கம் மட்டும் கூடவே வந்துவிட்டது. கடை இல்லாதவர் வீட்டைச் சோடிக்கத் தொடங்கினார். எனக்கு அப்போது அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. பள்ளிக்கூடத்தில் நான் வீட்டு அலங்காரம் படிப்பிப்பேன். நிறங்களின் பொருத்தம், பூச்சாடி வைக்கும் உயரம் என்று பாடப்புத்தகத்தில் உள்ளதெல்லாம் சொல்லுவேன். வீட்டுக்கு வந்தால் இவர் காவோலை மட்டையைச் சீவி வெள்ளையடித்துக்கொண்டிருப்பார்.

"இது எந்தப் பாடத்திலை வருது டீச்சர்?" என்று கேட்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

ஆனால் கார்த்திகை விளக்கீட்டுக்கு அவர் செய்ததை இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்லுகிறேன். தீவுக் காற்றில் சிட்டி விளக்கு நிற்காது. ஏற்றிக்கொண்டு போகப் போகப் பின்னால் அணைந்துகொண்டு வரும். இவர் தயிர்ச்சட்டிகளைச் சேர்த்து வைத்திருப்பார். சட்டியைக் காற்றுக்கு முதுகு காட்டிச் சரித்து வைத்து உள்ளே விளக்கை வைத்தால், சட்டி முழுக்கச் செம்மஞ்சளாக ஒளிரும், மழைத் தூறலும் படாது. படலையிலிருந்து கிணற்றடி வரை அப்படி வரிசையாக வைத்தால் வேறு ஒன்றும் தேவையில்லை. சட்டி இல்லாதவர்கள் தேங்காய்ச் சிரட்டையை விளக்குக்குப் பின்னால் நிமிர்த்தி மறைப்பாக வைக்கலாம்.

உப்புத் தண்ணீர்த் தோட்டம்

எங்கள் கிணறு உவர். மாரி முடிந்த கையோடு கொஞ்ச நாள் வாயில் வைக்கலாம், பிறகு பாத்திரம் கழுவத்தான் உதவும். இந்தத் தண்ணீரில் ரோசாவும் வராது, வெளிநாட்டிலிருந்து அனுப்பும் விதையும் முளைக்காது. பட்டிப்பூ வரும். செவ்வரத்தை வரும். தேமா நாம் பார்க்காவிட்டாலும் பூக்கும். தோட்டம் வைக்க விரும்புகிற தீவு ஆட்களுக்கு நான் சொல்லுவது, வராததோடு மல்லுக்கட்டாமல் வருவதை நிறைய வையுங்கோ என்பதுதான். வெள்ளைப் பட்டிப்பூவை ஒரு பக்கமும் ஊதாவை மறுபக்கமும் பிரித்து நட்டால் பாதைக்கே ஒரு வடிவு வந்துவிடும்.

பூ இல்லாத காலத்துக்குச் சிப்பி இருக்கிறது. மாரிக் கடல் அடங்கிய பிறகு சாட்டிக் கடற்கரைக்குப் போனால் சோகியும் சங்கும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் யாழ்ப்பாணத்திலிருந்து குளிக்க வரும் சனம் அதை மிதித்துக்கொண்டு போகும். நாங்கள் ஒரு உரப்பையில் அள்ளிக்கொண்டு வந்து கழுவி, முற்றத்து மணலுக்கு ஓரம் கட்டுவோம். வெயில் காலத்தில் எல்லாம் காய்ந்து கருகிக் கிடக்கும்போது அந்த வெள்ளை ஓரம் ஒன்றே கண்ணுக்குக் குளிர்ச்சி.

ஆனி மாதம் நயினாதீவு அம்மனுக்குக் கொடியேறினால் எங்கள் தெருவால்தான் குறிகாட்டுவான் துறைக்குப் பஸ் எல்லாம் போகும். அப்போது படலைக்கு வெளியே மேசை போட்டு நிறைகுடம் வைப்போம். பக்கத்தில் மோர்ப்பானை. பானையின் கழுத்தில் வேப்பிலையும் செவ்வரத்தையும் சுற்றினால் போதும். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர்களும் கை நீட்டிக் கும்பிட்டுக்கொண்டு போவார்கள்.

ஆனால் இவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தோரணம். குருத்தோலையைக் கிழித்து, ஈர்க்கு நீக்கி, நகத்தால் கீறிக் கீறி மடித்துக்கொண்டு போனால் ஓலை நீளத்துக்குக் குருவிகள் வந்து உட்காரும். கல்யாண வீடு, கோயில் திருவிழா, பொங்கல் என்றால் குருவிகளின் தலை மேலே பார்க்கும். செத்த வீட்டுத் தோரணத்தில் தலை கீழே கவிழ்ந்திருக்கும். தெருவால் போகிறவர்கள் படலையைப் பார்த்தே, உள்ளே போய்ச் சிரிப்பதா அழுவதா என்று அறிந்துகொள்வார்கள். அனலைதீவிலிருந்து வள்ளம் அனுப்பி இவரைத் தோரணம் மடிக்கக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் அது ஆண்களின் வேலை. பெண்கள் கோலம் போடுவோம், பூக் கட்டுவோம். தோரணத்தில் கை வைப்பதில்லை. இவர் மடித்துக் கயிற்றில் கோத்து வைத்ததை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

மாமரமும் மதிலும்

தோரணத்துக்கு இடையிடையே மாவிலை செருக வேண்டும். மாவிலைக்கு எங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. எங்கள் வளவுக்கும் இவருடைய தம்பி தவராசாவின் வளவுக்கும் நடுவேலியில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம் நின்றது. ஆருடைய மரம் என்று ஒருவரும் கேட்டதில்லை. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னால் அண்ணனும் தம்பியும் சேர்ந்து கிடுகு கட்டி வேலி அடைப்பார்கள். மரம் வந்த இடத்தில் வேலி இரண்டு பக்கமும் நின்றுவிடும்.

தவராசாவின் பிள்ளைகள் வெளிநாடு போய் நன்றாக வந்த பிறகு, வேலி இருந்த இடத்தில் மதில் கட்ட வந்தார்கள். மதில் வளைந்து போகாதாம். மேசன்மார் மரத்துக்கு எங்கள் பக்கமாக நூல் பிடித்தார்கள். இவர் நூலை அறுத்தெறிந்தார். சொல்லக்கூடாத சொற்களை இரண்டு பேரும் சொன்னார்கள். அந்தச் சொற்களை இங்கே எழுதப்போவதில்லை. மரம் மதிலுக்கு அந்தப் பக்கம் போனது, எங்கள் பக்கம் நீட்டிய கொப்புகளை அவர்கள் தறித்தார்கள்.

கடைசியாகத் தவராசா தெருவில் நின்று கத்தியதை மட்டும் எழுதத்தான் வேணும்.

"இனி உன்ரை படலை மிதிக்க மாட்டன். செத்தவீட்டுத் தோரணம் தொங்கினால் வாறன். அதுக்கு முன்னம் வரமாட்டன்!"

ஊரே கேட்டது. தீவு ஆட்கள் சொல்லை விட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதில் ஒரு பெருமை வேறு. பிறகு வந்த பொங்கல்களுக்கு நாங்கள் சந்தையில் மாவிலை வாங்கினோம். மதிலுக்கு மேலால் மரம் பூத்துக் காய்த்துக்கொண்டு நின்றது.

இவருக்கு வருத்தம் என்று தெரிந்தது பிறகுதான். பெரியாஸ்பத்திரி, அங்கிருந்து கொழும்பு, திரும்பவும் பெரியாஸ்பத்திரி என்று அலைந்தோம். ஒருநாள் டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அம்மா, விருப்பமானதைச் சமைச்சுக் குடுங்கோ என்றார். நான் இவரிடம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பண்ணைப் பாலத்தில் கடலைப் பார்த்துக்கொண்டு, "உமக்கு என்ன சொன்னவர் எண்டு எனக்குத் தெரியும்," என்றார் இவர்.

அன்று இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "தம்பி தவத்தை ஒருக்கால் பாக்கவேணும்," என்றார்.

ஆள்விட்டோம். காரைநகரில் இருக்கும் இவர்களுடைய தங்கை பரமேசுவே நேரில் போய்க் கேட்டாள். "சொன்ன சொல் சொன்னதுதான்," என்று சொல்லி அனுப்பினார் தவராசா. பரமேசு அழுதுகொண்டு மார்கழி மழையில் நனைந்து வந்து நின்றாள். இவர் கட்டிலில் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தார். பிறகு தம்பியின் பேச்சையே எடுக்கவில்லை. அப்படி எடுக்காமல் விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நல்லாய் இருந்த காலத்தில் பேசாமல் இருந்தவர், இப்போது தம்பியைப் பாராமல் போய்விடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன்.

பொங்கல் காலை

தை பிறக்கச் சில நாள் இருக்கும்போது, "இந்தமுறை வடிவாய்ச் சோடிக்கவேணும்," என்றார்.

பரமேசுவுக்குப் பிடிக்கவில்லை. "வருத்தக்காரன் கிடக்கிற வீட்டிலை என்ன சோடினை? சனம் என்ன சொல்லும்?" என்றாள்.

"சனம் சொல்லுறதைச் சொல்லட்டும். அவருக்கு விருப்பம்," என்றேன். உண்மையில் எனக்கும் விருப்பம். அதுதான் அவர் காணும் கடைசிப் பொங்கல் என்று எனக்குத் தெரியும். அதை வெறும் முற்றத்தோடு அனுப்பி வைக்க மனம் கேட்கவில்லை.

ஆகவே எல்லாம் செய்தேன். சிப்பி ஓரத்தைக் கழுவி அடுக்கினேன். தேமா மரத்தின் அடிக்குச் சுண்ணாம்பு பூசினேன். கயிற்றுக் கட்டிலின் நாலு காலுக்கும் பட்டிப்பூச் சரம் கட்டினேன். அதைப் பார்த்து, "என்னைச் சோடிச்சுத் தேரிலை ஏத்தப் போறீரோ?" என்றார். நான் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய் முகம் துடைத்தேன்.

குருத்தோலையைத் தன் கட்டிலுக்குக் கொண்டுவரச் சொன்னார். முதல் நாள் பின்னேரம் முழுக்கத் தலையணையில் சாய்ந்தபடி மடித்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. ஒரு ஓலை மடிப்பார், கண் மூடிக் கிடப்பார், பிறகு அடுத்ததை எடுப்பார். உதவட்டோ என்று கேட்டேன், வேண்டாம் என்றார். மடித்ததைக் கயிற்றில் கோத்து ஈரச் சாக்கில் சுற்றி, "விடிய முன்னம் கட்டிப்போடும். சாக்கைப் பிரிச்சு வைச்சுக் காயவிட வேண்டாம்," என்று என்னிடம் தந்தார்.

அப்படியே செய்தேன். மையிருட்டில், கண்ணாடி இல்லாமல்.

கட்டிவிட்டு முற்றத்துக்கு வந்தேன். மெழுகிய தரையில் உலக்கையை நேராக வைத்து, அரிசிமாவால் கோடு இழுத்து, சதுரமாகக் கோலத்தைப் போட்டேன். நடுவில் மூன்று கல்லு வைத்துப் புதுப்பானையை ஏற்றினேன். அடுப்பு மூண்டு பால் சூடேறியது. கனடாவிலிருந்து மகள் தொலைபேசியில் முகம் காட்டினாள். பரமேசு அதைத் தூக்கிப் பிடித்து, கோலம், பானை, தூரத்தில் படலை என்று சுற்றிக் காட்டினாள். "அம்மா, வாசல் எவ்வளவு வடிவு!" என்றாள் மகள்.

அந்த நேரம் தெருவில் ஒரு கூக்குரல்.

எதிர்வீட்டுப் பூமணி அக்கா படலை கூட்ட வந்திருக்கிறா. விளக்குமாறைப் போட்டுவிட்டு, "ஐயோ குணம் தம்பி... நல்லநாளும் அதுவுமாப் போயிட்டியே..." என்று தலையில் அடித்துக்கொண்டு எங்கள் படலைக்கு ஓடி வந்தா. அவவுக்குப் பின்னால் இன்னும் சில பெண்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையில் அகப்பையோடு கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். இவர் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். படலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாற ஆக்களை உள்ளை விடும்," என்றார் மெல்ல.

அப்போதுதான் தவராசா வந்தார். அவர்களுடைய முற்றத்திலும் பொங்கல் நடந்துகொண்டிருந்திருக்கிறது. மேலில் சால்வை இல்லை, கை முழுக்க அரிசிமா. படலையில் நிமிர்ந்து தோரணத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே ஓடி வந்து முற்றத்தில் முழங்காலில் விழுந்தார். அவர் விழுந்தது என் கோலத்தின் நடுவில்.

"அண்ணை... என்னைப் பாராமலே போயிட்டியே அண்ணை..."

அந்தப் பெரிய மனிதர் அப்படி அழுததை நான் கண்டதில்லை. மண்ணில் நெற்றியை மோதி மோதி அழுதார்.

யன்னலுக்குள்ளிருந்து இவர் சொன்னார். "தவம், கோலத்தை உழக்காதை. மச்சாள் விடிய எழும்பிப் போட்டவ."

தவராசா தலை நிமிர்ந்தார். பானையில் பால் சீறிக்கொண்டிருந்தது.

நான் படலைக்கு நடந்தேன். வெளிச்சம் வந்திருந்தது. கண்ணாடி தேவைப்படவில்லை. கயிறு முழுக்கக் குருவிகள் வரிசையாகத் தலையைக் கீழே போட்டுக்கொண்டிருந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. நடுங்கிய கையால் அவ்வளவு ஒழுங்காக மடித்திருக்கிறார்.

தவராசாவுக்கு அழுகை போய்க் கோபம் வந்துவிட்டது. எழும்பி நின்று கத்தினார். "சாவோடை விளையாடுறியோ? உனக்கென்ன அறளை பேந்திட்டுதோ?"

"நீ சொன்னது தானே," என்றார் இவர். மூச்சு வாங்கியது. "செத்தவீட்டுத் தோரணம் தொங்கினால் வாறன் எண்டாய். தொங்குது. வந்திட்டாய். உன்ரை சொல்லும் பிழைக்கேல்லை. இனி உள்ளை வந்து இரு."

தவராசா போகத் திரும்பினார். இரண்டடி வைத்தார்.

"நான் போனாப்பிறகு நீ வந்து அழுகிறதை என்னாலை பாக்க ஏலாது தவம். அதுதான் முன்னமே கூப்பிட்டனான்."

தவராசா நின்றார். பிறகு அரிசிமாக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு விறாந்தைக்கு ஏறினார். கட்டில் ஓரத்தில் இருந்து அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டார். கட்டில் காலில் நான் கட்டிய பட்டிப்பூச் சரம் அவர் முழங்கையில் பட்டு அறுந்து விழுந்தது.

என் கோபம்

எல்லோருக்கும் அது நல்ல முடிவாகப் பட்டது. எனக்கு அப்படி இருக்கவில்லை. என் கணவரின் செத்தவீட்டுத் தோரணத்தை, அவர் கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, தாலியோடு நின்று நானே கட்டியிருக்கிறேன். இதைத் தாங்க எனக்கு ஏலவில்லை. பானை பொங்கியபோது நான் பக்கத்தில் இல்லை. குசினிக்குள் நிலத்தில் இருந்து அழுதேன். பரமேசுதான் அரிசி போட்டாள்.

சனம் குறைந்த பிறகு கட்டிலடிக்குப் போனேன். "ஏன் என்ரை கையாலை கட்டவைச்சனீங்கள்?" என்று கேட்டேன்.

"எனக்கு எழும்ப ஏலுமெண்டால் நானே கட்டியிருப்பன்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் கட்டியிருப்பீரோ?"

"மாட்டன்."

"அதுதான் சொல்லேல்லை," என்றார். பிறகு என் கையைப் பிடித்து, "கோவியாதையும்," என்றார். கோபித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கோபம் இன்றைக்கும் முழுதாக ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் ஒன்று சொல்லவேணும். அன்று பின்னேரம் விறாந்தையில் அண்ணனும் தம்பியும் கடையைப் பற்றி, கடை எரிந்த நாளைப் பற்றி, செத்துப்போன ஒரு நாயைப் பற்றி எல்லாம் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது, இவர் என்னைக் கேட்காமல் செய்ததே சரி என்று எனக்குத் தோன்றியது. கோபமும் அதுவும் இரண்டும் எனக்குள் இன்னும் இருக்கின்றன.

தவராசா அன்றே தோரணத்தை அவிழ்த்தார். தன் வளவிலிருந்து புதுக் குருத்து வெட்டிக்கொண்டு வந்து கட்டிலடியில் இருந்து மடித்தார். அவருக்கு அது சரியாக வராது. இவர் கையால் தடவிப் பார்த்து, "இந்தக் குருவிக்குக் கழுத்து முறிஞ்சு போச்சு," என்று பகிடி பண்ணினார். வெயில் ஏறிய பிறகு எங்கள் படலையில் தலை நிமிர்ந்த தோரணம் ஏறியது. இடையிடையே கறுத்தக்கொழும்பான் இலைகள்.

தோரணம் எமனைக் கூப்பிட்டுவிட்டது என்று பிறகு ஊரில் கதைத்தார்கள். என் காதுபடவே கதைத்தார்கள். டொக்டர் சொன்னதை நான் ஊருக்கெல்லாம் சொல்லித் திரியவில்லை, அதனால் கதைத்தார்கள். கதைக்கட்டும்.

வெறும் படலை

போன பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சோடினை இல்லை. ஆண்டுத் திவசம் முடியாத வீடு. கோலமும் இல்லை, பானையும் இல்லை. இந்தமுறை உண்டு. நேற்றுத் தவராசா ஒரு கட்டு மாவிலையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தோரணத்துக்கு நாளைக்கு வாறன் மச்சாள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருடைய குருவிகளுக்கு இன்னும் கழுத்து நேராகவில்லை. பரவாயில்லை. உங்கள் வீட்டிலும் மடிக்கத் தெரியாதவர்கள் மடித்தால் மடித்தபடி கட்டுங்கோ. தலை எந்தப் பக்கம் என்று மட்டும் பாருங்கோ.

இவர் அந்தப் பொங்கலுக்குப் பிறகு மாசி வரை இருந்தார். தவராசா ஒவ்வொரு நாளும் வந்தார். மதிலில் ஒரு வழி விடுவமோ என்று கேட்டேன். வேண்டாம், படலையாலைதான் வருவன் என்றார். தெருவைச் சுற்றிக்கொண்டு காலையும் மாலையும் படலையைத் திறந்து வருவார்.

மாசியில் ஒரு விடியல், இவர் போய்விட்டார். தம்பியின் கை அவருடைய கைக்குள் இருந்தது.

பெட்டி வந்தது. வெள்ளை கட்டினார்கள். தோரணம் மடிக்கத் தவராசாவிடம் குருத்தோலை கொடுத்தார்கள். முற்றத்து வேம்படியில் குந்தியிருந்து ஒரு ஓலையை மடித்தார். குருவியின் தலையைக் கீழே திருப்பினார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே இருந்தார்.

"அது ஒருக்கால் தொங்கினது போதும்," என்றார். "இன்னொருக்கால் என்னாலை கட்ட ஏலாது."

பரமேசு அழுகையின் நடுவிலும் பதறினாள். "அண்ணை, ஊருக்கெல்லாம் மடிச்ச மனிசன். அவரின்ரை செத்தவீட்டிலை தோரணம் இல்லாட்டில் என்ன? வெளியூர்ச் சனம் வரும். வீடு எதெண்டு எப்பிடித் தெரியும்?"

"நான் நிக்கிறன்," என்றார் தவராசா.

எழும்பிப் போய்ப் படலைக்கு வெளியே தெருவில் நின்றார். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லை, கொள்ளி வைக்க வேண்டியவரும் அவர்தான். ஐயர் கூப்பிடும் வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை. வெயில் ஏறியது. யாரோ குடை கொண்டுபோய்க் கொடுத்தார்கள், வாங்கவில்லை. அனலைதீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் வள்ளத்தில் வந்த சனம், இவர் கையால் தோரணம் கட்டிக் கல்யாணம் செய்தவர்கள், பஸ்ஸால் இறங்கித் தெருவில் தடுமாறினார்கள். வெறும் படலையைப் பார்த்துவிட்டு, குணம் அண்ணை வீடு எது என்று அவரிடமே கேட்டார்கள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். பறை ஓய்ந்த இடைவெளிகளில் படலையிலிருந்து அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது, வருகிற ஒவ்வொருவருக்கும்.

"இதுதான் வீடு. வாங்கோ. நான் அவரின்ரை தம்பி."